விட்டத்தில் ஓடிய பேருந்து

“கதவை மூடுங்க மொதல்ல.”

அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். வாங்க என்றோ, என்ன வேணும் என்றோ ஒரு மரியாதைக்குக்கூடக் கேட்கவில்லை.

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. கையில் குடை இருந்தும் அவள் பாதி நனைந்திருந்தாள். டிவி கடை என்று பலகையைப் பார்த்து உள்ளே ஓடி வந்தவளுக்கு, சொட்டுகிற குடையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சுவர் நிறைய டிவிகள். அத்தனையிலும் ஒரே கிளி ஒரே நேரத்தில் சிறகு விரித்தது. கண்ணில் பட்ட ஒரு கதவைத் தள்ளினாள்... அது குடை வைக்கிற இடமாக இருக்கும் என்று நினைத்து.

உள்ளே கும்மிருட்டு. ஒரு கணவனும் மனைவியும் சோபாவில் உட்கார்ந்து, எதிர்ச் சுவர் அகலத்துக்குத் தெரிந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கதவைத் திறந்ததும் வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. படம், தண்ணீரில் விழுந்த மாவு மாதிரி, இருந்த இடம் தெரியாமல் கரைந்துபோனது. அப்போதுதான் மூலையிலிருந்து அந்தக் குரல்.

அவள் பதறிக் கதவை மூடினாள். வெளியே நின்று மூடியிருக்கலாம். பதற்றத்தில் தன்னையும் உள்ளே வைத்தே மூடிவிட்டாள். அப்புறம் என்ன... சொட்டுச் சொட்டாய் வடிகிற குடையோடு, இருட்டில், யாரோ இருவர் வாங்கப் போகிற படத்தைக் கால் கடுக்க நின்று பார்க்க வேண்டியதாயிற்று. நடுவில் ஒருமுறை படத்தின் நீல வெளிச்சம் அவன் முகத்தில் பட்டது. பெரிய கண்கள். இருட்டிலேயே கிடந்து பழகியதாலோ என்னவோ, கிடைக்கிற துளி வெளிச்சத்தையும் சேர்த்து வைத்துக்கொண்ட மாதிரி இருந்தன. கத்துகிற ஆளுக்கு இப்படி ஒரு கண்ணா என்று அவளுக்குத் தோன்றியது. உடனே பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

அவர்கள் போனதும் விளக்கைப் போட்டான். இருட்டின் அருமை பற்றி ஒரு பிரசங்கம் செய்ய ஆயத்தமாகிறான் என்று அவன் நின்ற நிலையே சொன்னது. அவள் முந்திக்கொண்டாள்.

“அவ்ளோ பெருசா வாயைத் திறந்து கத்தினீங்களே... இடது பக்கம், கீழ்க் கடைவாய்ப்பல். சொத்தை. கதவு வழியா விழுந்த வெளிச்சத்துல நல்லாவே தெரிஞ்சது. இப்பவே பாத்தா அடைச்சிடலாம். விட்டீங்கன்னா பிடுங்கத்தான் வேணும்.”

அவன் வாயை மூடிக்கொண்டான். அப்புறம் அவனையும் மீறிச் சிரித்தான். சிரிக்கும்போது இடது பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டான்.

இரண்டு தெரு தள்ளி இருந்த பல் மருத்துவமனையில் அவள் உதவியாளர். டாக்டரம்மா கை நீட்டுமுன் கருவியை எடுத்துக் கொடுப்பது, பஞ்சு வைப்பது, பயந்து வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை தைரியம் சொல்வது, இதுதான் அவள் வேலை. ஒரு நாளைக்கு நாற்பது தடவை ‘வாயைத் திறங்க’ சொல்கிறவளுக்கு, யார் வாய் திறந்தாலும் கண் பல்லுக்குத்தான் போகும். அவனைக் கடையில் எல்லோரும் ‘இருட்டு’ என்று கூப்பிட்டார்கள். ப்ரொஜெக்டர் பகுதி அவன் பொறுப்பு. எந்த அறைக்குள் போனாலும் முதல் வேலையாய் விளக்கை அணைக்கிறவன் என்பதால் அந்தப் பெயர். முதலாளியம்மாகூட “டேய் இருட்டு” என்றுதான் அழைப்பார்.

டிவி வாங்க வந்தீங்களா, எத்தனை இன்ச் என்று கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அவன் வேறு மாதிரி கேட்டான். யார் பார்ப்பார்கள், பகலிலா இரவிலா, ஜன்னல் எந்தப் பக்கம் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, கடைசியாக ஒன்று கேட்டான்.

“பாக்கிறவங்க கண்ணு எந்த உயரத்துல இருக்கும்?”

“மேல பாத்தபடி இருக்கும்,” என்றாள்.

அப்பாவுக்காக வந்திருந்தாள். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர். ஓய்வு பெற இரண்டு மாதம் இருக்கையில் பணிமனைப் படியில் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்து, முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. அறுவை சிகிச்சை நன்றாகத்தான் நடந்தது. ஆனால் இன்னும் நான்கு மாதம் மல்லாந்தேதான் படுக்க வேண்டும், தலையணைகூடக் கூடாது, கழுத்தைத் தூக்கி எதையும் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கால்மாட்டில் இருக்கிற டிவி அவருக்கு இல்லாத டிவி. ஒரு நிலைக்கண்ணாடியைக் கட்டிலுக்கு மேலே சாய்த்துக் கட்டி அதில் டிவியைப் பார்க்கவைக்க அவள் முயன்றாள். எழுத்தெல்லாம் வலமிருந்து இடமாக ஓடியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அதிலிருந்து கண்ணைத் திறப்பதே குறைந்துபோயிற்று, பேச்சும் போயிற்று. பயிற்சி கொடுக்க வருகிற பெண், வலது பாதத்தால் என் உள்ளங்கையை அழுத்துங்கள் என்று தினமும் கெஞ்சுவாள். பாதம் அசையாது. கிளம்பும்போது அந்தப் பெண் வாசலில் வைத்து மெல்லச் சொன்னாள்: காலுக்கு முடியும், மனசுக்குத்தான் வேண்டாம்.

அதுதான் மகளைத் தூங்கவிடாமல் அடித்தது. மனசுக்கு வேண்டாம் என்றால் மருந்து எந்தக் கடையில் கிடைக்கும்?

டாக்டரம்மா மருத்துவமனையில் நாற்காலிக்கு நேர் மேலே, கூரையில், ஒரு பெரிய கடல் படம் ஒட்டியிருந்தார். நின்று வேலை பார்க்கிற அவளுக்கு அதில் வானம் கீழேயும் கடல் மேலேயும் தெரியும். அவசரத்தில் தலைகீழாக ஒட்டிவிட்டார், சொன்னால் வருத்தப்படுவார் என்று நான்கு வருடமாக அவள் சொல்லவே இல்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துக் கிடப்பவர்கள் கொஞ்சம் குறைவாகப் பயப்படுவதை மட்டும் கவனித்திருந்தாள். இப்போது, நனைந்த குடையோடு நின்றபடி, சட்டென்று கேட்டாள்.

“சுவத்துல அடிக்கிற இந்த வெளிச்சத்தை... மேல, சீலிங்ல அடிக்க முடியாதா?”

ஆறு வருடமாக ப்ரொஜெக்டர் விற்கிறான். சுவர் வெள்ளையா, திரை வேண்டுமா, எத்தனை அடி தள்ளி வைக்கணும் என்று ஊரே கேட்டிருக்கிறது. இதை யாரும் கேட்டதில்லை. அவன் அண்ணாந்து கடையின் விட்டத்தைப் பார்த்தான்... அதை அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறவன் போல.

அப்புறம் பேச்சு வேகமாக ஓடியது. மின்விசிறி நடுவில் இருந்தால் இறக்கை குறுக்கே வரும், கட்டிலை மூலைக்கு நகர்த்திவிடலாம். கூரைக்கு மினுக்காத வெள்ளை அடித்திருக்க வேண்டும். ஜன்னலுக்குத் தடித்த திரைச்சீலை. அவள் கையிலிருந்த பணத்துக்கு எட்டிய ப்ரொஜெக்டர் ஒரு சின்னப் பெட்டி. அவன் ஒளிக்காமல் சொன்னான்: இது பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் வெளிறித்தான் தெரியும், சத்தமும் போடும், பரவாயில்லையா? பரவாயில்லை என்றாள். பல் டாக்டரோட உதவியாளருக்குச் சத்தம் பழக்கம்தானே என்றான். அவள் முறைத்தாள். ஆனாலும் மழை விட்ட தெருவில் நடந்து போகும்போது, குடையைக் கடையிலேயே மறந்துவிட்டு வந்தது பாதி வழியில்தான் நினைவு வந்தது.

மறுநாள் மத்தியானம் பெட்டியோடும் குடையோடும் வந்தான்.

கட்டிலை மூலைப் பக்கமாக, சுவரோடு ஒட்டாமல் ஓர் ஆள் இடம் விட்டுத் தள்ளி, தலைமாட்டில் ஒரு தாழ்வான பலகை அடித்து, பெட்டியை மேலே பார்க்கவைத்துப் பொருத்தினான். கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டு, ரிமோட்டும் கையுமாய், கோணல் எடுத்தான், கூர்மை பார்த்தான். கூரையில் ஒரு ஊரின் கடைத்தெரு தெரிந்தது. ஒரு பேருந்து வளைந்து வந்தது. பிரமாதமாய் இருக்கிறது என்று அவனே சொல்லிக்கொண்டான். அவள் அவன் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அம்மா கதவருகே நின்று கைகூப்பாத குறை.

கட்டிலிலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரத்த, பல நாள் புழங்காத குரல்.

“தம்பி... பஸ்ஸு தலைகீழா போகுது.”

மூன்று பேரும் திரும்பினார்கள். பத்தொன்பது நாளுக்கு அப்புறம் அப்பா பேசிய முதல் வாக்கியம் அது. அம்மா சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அவனுக்கோ காது மடல் வரை சிவந்துவிட்டது. நிற்கிறவனுக்கு நேராக வைத்திருந்தான். படுத்திருக்கிறவருக்குச் சக்கரம் வானத்தில் ஓடியது.

“நீங்க ஒரு தடவையாவது படுத்துப் பாத்தீங்களா?” என்றாள் அவள், மெதுவாக. திட்டத்தான் ஆரம்பித்தாள். அப்பா பேசிவிட்ட சந்தோஷத்தில் திட்டு, பாதி வழியிலேயே குழைந்துபோனது.

அவன் படத்தைத் திருப்பினான். செருப்பில்லாத காலோடு வந்து, கட்டிலுக்கு இந்தப் பக்கம், வெறும் தரையில் மல்லாந்து படுத்தான். அப்பா பார்க்கிற மாதிரியே கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தான். கொஞ்சம் வலது பக்கம் சாய்கிறது என்றான். அப்படியா என்று அவளும் கட்டிலுக்கு அந்தப் பக்கம் படுத்துப் பார்த்தாள். இல்லையே, நேராகத்தானே இருக்கிறது என்று சொல்லத் தலையைத் திருப்பினாள்...

கட்டிலுக்கு அடியில், அந்தப் பக்கத்திலிருந்து, அவன் கண்கள்.

அவனும் அதையே சொல்லத் திரும்பியிருந்தான். நடுவில் ஒரு தட்டுமுட்டுப் பெட்டி, அப்பாவின் பழைய செருப்பு, கொஞ்சம் தூசி. அவ்வளவுதான் தூரம். மேலே ஓடுகிற பேருந்தின் வெளிச்சம் தரையில் நழுவி வந்து அந்தக் கண்களில் ஏறி இறங்கியது. ஒரு நிமிஷம் இருக்குமா? இருக்காது. ஆனால் அவளுக்கு அந்த ஒரு நிமிஷத்தில், மூச்சை எங்கே விட்டோம் என்பதே மறந்துபோனது.

“இங்க என்ன, ஆளுக்கொரு பக்கமா விழுந்து கிடக்கீங்க?” என்று டீயோடு வந்த அம்மா கேட்டபோது, இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து, கட்டில் சட்டத்தில் ஒரே நேரத்தில் தலையை இடித்துக்கொண்டார்கள். அப்பாவின் வாயோரம் லேசாக அசைந்தது.

சின்னப் பெட்டி அன்று மாலை வரை தேனீ மாதிரி ரீங்காரம் போட்டது. மத்தியான வெளிச்சத்தில் படம் சாயம் போன துணியாய் இருந்தது. அப்பா கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். அவள் அதைக் கவனித்தாள், கவனிக்காத மாதிரி இருந்தாள், இதுவே பெரிசு. அவனும் கவனித்தான். ஏதோ திருகு ஆடுகிறது என்று சொல்லிப் பெட்டியைக் கழற்றி எடுத்துப்போனான். இரண்டு நாள் கழித்து வேறு ஒன்றைக் கொண்டுவந்தான். கம்பெனியில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்றான். இது கறுப்பாய், கனமாய் இருந்தது. மூச்சுவிடுகிற சத்தம்கூட இல்லை. பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டால் போதும், கூரையே இல்லாமல் வானம் திறந்துகொண்ட மாதிரித் தெரிந்தது.

அதோடு ஒரு பென் டிரைவும் கொண்டுவந்திருந்தான். அப்பா என்ன வேலை பார்த்தார், எந்தப் பேருந்து என்று முதல் நாளே அவளிடம் கேட்டிருந்தான். பதினாலாம் நம்பர் என்றாள், பேச்சோடு பேச்சாக. இந்த இரண்டு நாளில் அவன் பதினாலாம் நம்பரில் ஏறி, ஓட்டுநரிடம் கெஞ்சிக் கூத்தாடி, முன் கண்ணாடி ஓரம் நின்று, முதல் நிறுத்தத்திலிருந்து கடைசி நிறுத்தம் வரை போன வழியெல்லாம் படம் பிடித்திருந்தான்.

கூரையில் பாதை விரிந்தது. வைப்பர் மழையைத் தள்ளியது. ஆஸ்பத்திரி நிறுத்தம்... மேம்பாலம்... சந்தை. அப்பாவின் கண்கள் அகன்றன. “லெஃப்ட்ல வண்டி வருது,” என்று முணுமுணுத்தார். பள்ளிக்கூட வளைவு வந்தது. ஒரு சின்னப் பெண் சாலையைக் கடக்க ஓடினாள்.

போர்வைக்கு உள்ளே அப்பாவின் வலது பாதம் அழுந்தியது.

முதலில் பார்த்தது அம்மாதான். மகளின் தோளைப் பிடித்து உலுக்கினாள். அடுத்த நிறுத்தத்தில் மறுபடியும். போர்வை அசைந்தது. பிரேக். அதற்கடுத்த சிக்னலில் மறுபடியும். முப்பத்தொரு வருடம் யாரையும் இடிக்காமல் ஓட்டிய கால். கூரையில் ஓடுகிற குழந்தையையும் இடிக்க அதற்கு மனசு வரவில்லை. மனசு வந்துவிட்டது என்றால் அப்புறம் என்ன வேண்டும்?

அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் அன்று போலவே தரையில் படுத்திருந்தான். யாரும் பார்க்காத மாதிரி புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்... அவள் பார்த்துவிட்டாள்.

அப்புறம் மூன்று நாளைக்கு ஒருதரம் ஒரு புதுப் பாதையோடு வருவான். மலைப்பாதை, கடலோரப் பாதை, எங்கோ இருக்கிற அவன் அம்மா வீட்டுக்குப் போகிற புழுதிப் பாதை. பயிற்சி கொடுக்கிற பெண் மலைப்பாதை நாளில்தான் வருவேன் என்று சொல்லிவிட்டாள். அதில்தான் பிரேக் அதிகம். அவன் வருகிற நாளில் மகள் மருத்துவமனையிலிருந்து வேகமாக வருவாள். ஏன் மூச்சிரைக்கிறது என்று அம்மா கேட்டால் படியேறி வந்தேன் என்பாள். வீடு இருந்தது தரைத்தளத்தில்.

பல்லைக் காட்ட எப்போ வரப் போறீங்க என்று அவள் கேட்பாள். வலிக்கட்டும், வருகிறேன் என்பான். வலித்தால்தான் வருவீர்களா என்பாள். அந்தப் பேச்சு எங்கே போகிறது என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அங்கேயே நிறுத்திக்கொள்வார்கள்.

எல்லாம் கெட்டது ஒரு பட்டனால்.

நான்காவது வாரம், ஒரு மத்தியானம், அம்மா ரிமோட்டில் எதையோ அழுத்திவிட்டாள். பாதை மறைந்து, கூரை முழுக்க எழுத்தாய் வந்து நின்றது. மகள் அதை எடுத்து மாற்றப் போனபோது அப்பா, நில்லு என்றார். எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் மீட்டரைப் பார்க்கிற மனுஷர். எழுத்துக்கூட்டிப் படித்தார்.

“விளக்கு எரிஞ்ச நேரம்... ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பது மணி. பாப்பா, இது ஓடின வண்டிம்மா.”

அப்பா சாதாரணமாகத்தான் சொன்னார். அவளுக்குத்தான் உள்ளே எதுவோ சரிந்தது. வந்து இருபத்து மூன்று நாள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் ஓடியிருந்தாலும் நூற்று நாற்பதைத் தாண்டாது. மிச்சம் ஆயிரத்து எண்ணூறு யாருடையது? யாரோ ஓட்டித் தள்ளிய பழசைப் புதுசு என்று கொடுத்திருக்கிறான். கம்பெனி மாற்றிக் கொடுத்தது என்று கூசாமல் சொன்னான். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு சொன்னான். ஏமாந்தது பெட்டியில் மட்டும் என்றால் அவளுக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

செருப்பு மாட்டியதுகூடத் தெரியாமல் கடைக்குப் போனாள். முதலாளியம்மாவும் நாலைந்து வாடிக்கையாளர்களும் இருந்தார்கள். அவன் இருட்டறையிலிருந்து சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

“ஓடின மெஷினைப் புதுசுன்னு குடுத்திருக்கீங்க. எந்திரிக்க முடியாம படுத்துக் கிடக்கிற மனுஷன்கிட்டயா உங்க வியாபாரம்?”

சுவரில் கிளிகள் மட்டும் பறந்துகொண்டிருந்தன. அவன் முதலாளியம்மாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

“அப்பாவுக்குப் படம் தெளிவா தெரியுதா?” என்றான்.

“இப்ப அதுவா கேள்வி?”

“எனக்கு அதாங்க கேள்வி.”

அதற்குமேல் வாயே திறக்கவில்லை. முதலாளியம்மா எத்தனையோ கேட்டுப் பார்த்தார். கடைப் பெயர் போகிறதே, பதில் சொல்லு என்றார். சொல்லவில்லை. இன்றோடு வேலைக்கு வர வேண்டாம் என்று அவர் சொன்னபோது சாவியைக் கல்லா மேல் வைத்துவிட்டு, மழையில் இறங்கிப் போய்விட்டான்.

ஜெயித்துவிட்டு வந்த மாதிரி இல்லை அவளுக்கு. வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை முதலாளியம்மாவே வீடு தேடி வந்தார். கையில் ஒரு பெட்டி... அவள் முதலில் வாங்கிய அந்தச் சின்னப் பெட்டி. கடைக்கு மேலே ஒரு அறையில்தான் அவன் தங்கியிருந்தான். அறையைப் பூட்டலாம் என்று போனவர் இதைப் பார்த்திருக்கிறார். முக்காலி மேல், முகம் விட்டத்தைப் பார்க்க வைத்து, பக்கத்தில் தரையில் ஒரு பாய். எடுத்துவந்த பாதைகளையெல்லாம், கொண்டுவருமுன் அந்தத் தேனீச் சத்தத்தில் மல்லாந்து கிடந்து, தலைகீழாக இருக்கிறதா, ஆடுகிறதா என்று அவன் பார்த்துத்தான் தந்திருக்கிறான்.

“உங்க வீட்டுல இருக்கறது அவனோட சொந்த மெஷின்மா,” என்றார் முதலாளியம்மா. “மூணு வருஷம் ஆசைப்பட்டு வாங்கினான். வேலை முடிஞ்சா மேல போய்த் தனியா உக்காந்து பாப்பான். அவனுக்கு இங்க வேற யாரு இருக்கா? கேட்டா வாயைத் திறந்து சொல்லித் தொலைய வேண்டியதுதானே.”

அந்த ஆயிரத்து எண்ணூறு மணி நேரம் யாருடையது என்று இப்போது தெரிந்துவிட்டது. வெட்கம் முதலில் வந்தது. அதன் பின்னாலேயே ரோஷமும் வந்தது. அது அவளுடைய குணம். எங்களைப் பார்த்து இரக்கப்பட்டானா? யார் கேட்டது? விறுவிறுவென்று போய்க் கறுப்புப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கக் குனிந்தாள்.

“பாப்பா.”

அப்பா கூரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினார்.

“நான் விழுந்ததிலேர்ந்து எத்தனையோ பேர் வந்தாங்க. எல்லாரும் நல்லவங்கதான். கட்டில் பக்கத்துல நின்னு, குனிஞ்சு பாத்து, உச் கொட்டிட்டுப் போனாங்க. அது இரக்கம். என் பக்கத்துல படுத்து, எனக்கு என்ன தெரியுதுன்னு பாத்தவன் அவன் ஒருத்தன்தான்.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “ஓடின வண்டிதான். ஆனா நல்லா வச்சிருக்கான். நம்பி ஏறலாம்.”

அவள் குனிந்தபடியே இருந்தாள். ஒயரைப் பிடித்த கையில் கண்ணீர் சொட்டியது. பள்ளிக்கூட வளைவு வந்துவிட்டது. அப்பாவுக்குப் பிரேக் போடுகிற வேலை இருந்தது.

நான்கு நாள் தேடினாள். முதலாளியம்மாவும் ஆள் விட்டுப் பார்த்தார். போனை அணைத்து வைத்திருந்தான். அம்மா வீட்டுக்குப் போயிருப்பான் என்றார்கள். மழை மட்டும் விடாமல் பெய்தது.

ஐந்தாம் நாள் மத்தியானம் மருத்துவமனைக் கதவு திறந்தது. குளிர்ந்த காற்றும் சாரலும் உள்ளே வந்தன. கூடவே அவன்... இடது கன்னம் வீங்கி, கைக்குட்டையால் பொத்திக்கொண்டு.

“கதவை மூடுங்க மொதல்ல,” என்றாள் அவள்.

அவன் மூடினான். தன்னையும் உள்ளே வைத்தே மூடினான். டாக்டரம்மா என்ன பிரச்சினை என்று கேட்டார். இடது பக்கம் கீழ்க் கடைவாய்ப்பல், ஒருத்தர் முதல் நாளே சொன்னார், நான்தான் கேட்கவில்லை என்றான். வழியில் வேறு டாக்டர்களே இல்லையா என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. நாற்காலியைச் சாய்த்தாள். மார்பில் துணி விரித்தாள். வழக்கமாய்ச் சொல்வதை வழக்கமாய்ச் சொல்ல முயன்றாள்.

“வலிச்சா இடது கையைத் தூக்குங்க. பேச வேண்டாம்.”

டாக்டரம்மா மரத்துப்போகிற ஊசியைப் போட்டு, பஞ்சை அடைத்துவிட்டு, பத்து நிமிஷம் ஆகட்டும் என்று பக்கத்து அறைக்குப் போனார். ஜன்னலில் மழை. அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். பேச முடியாத ஆளிடம் பேசுவது சுலபம் என்று அவள் நினைத்திருந்தாள். பஞ்சுத் தட்டை இரண்டு தடவை நேராக்கி வைத்தாள்.

எல்லாம் தெரியும் என்றாள். முதலாளியம்மா வந்ததை, பாயைப் பார்த்ததை, வேலை அப்படியே காத்திருப்பதைச் சொன்னாள். கடை நடுவில் அப்படிப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டாள். அப்பாவின் கால் இப்போது பயிற்சிப் பெண்ணின் கையை நன்றாகவே அழுத்துகிறது, அவள் ஐயோ என்று சொல்கிற அளவுக்கு, என்று சொன்னபோது அவன் கண் நிறைந்தது. நன்றி சொல்ல ஆரம்பித்தாள். எத்தனை முறை சொன்னாலும் போதவில்லை. ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

“அந்த ஆயிரத்து எண்ணூறு மணி நேரமும்... தனியாவா பாத்தீங்க?”

அவன் இடது கை மெதுவாக மேலே எழுந்தது.

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். எழுந்த அந்தக் கையைப் பிடித்து, பூ மாதிரி, நாற்காலி விளிம்பில் வைத்தாள். விடவில்லை.

“இனிமே ஓடப்போற நேரத்தையெல்லாம் எங்க வீட்டுல வந்து பாக்கலாம். அப்பாவுக்கு இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் நான். அப்பா எந்திரிச்சு நடந்தப்புறமும்... நாம பாத்துட்டே இருக்கலாம். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. கட்டிலுக்கு அடியில பாத்தீங்களே, அன்னைலேர்ந்து.” மூச்சை இழுத்துக்கொண்டாள். “உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா, அதே கையைத் தூக்குங்க. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்.”

அவள் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

அவன் இடது கையைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு அந்தக் கையை எடுத்து, தப்பித் தவறிக்கூடத் தூக்கிவிடக் கூடாது என்பதுபோல, தன் தொடைக்கு அடியில் திணித்து, அதன்மேல் அழுத்திப் படுத்துக்கொண்டான்.

சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒன்று அவளிடமிருந்து வந்தது. அவன் பஞ்சு அடைத்த வாயோடு ஏதோ சொன்னான். மரத்த உதட்டில் சொல் உருவாகவில்லை. அவளுக்கு ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. வலது கையால் அவன் மேலே காட்டினான், பார் என்று.

அவள் குனிந்தாள். அவன் தலைக்குப் பக்கத்தில், நாற்காலி ஓரம், தன் தலையைச் சாய்த்து மேலே பார்த்தாள். நான்கு வருடத்தில் முதல்முறையாக.

கடல் கீழே இருந்தது. வானம் மேலே இருந்தது.